தோமையார் கெடுத்த முதலிரவு

காட்டாங்குளத்தூர் ஸ்டேஷனில் எந்தப் பக்கம் வண்டி ஏறினாலும் ஒரு புனிதர் காத்திருப்பார். தெற்கே செங்கல்பட்டில் மறைமாவட்டப் பேராலயம் சூசையப்பருக்கு. கல்யாணம் கட்டியும் கடைசிவரை பிரமச்சாரி என்று கத்தோலிக்கர் கொண்டாடும் கணவர். வழியில் வரும் மறைமலை நகரோ, பிள்ளைகுட்டி பெற்றபின் 1911இல் துறவு பூண்டு, பல்லாவரத்தில் குடும்பத்தோடேயே வாழ்ந்த சைவ அடிகளின் பெயரில் இருக்கிறது. இந்தத் தடத்தில் யாரையும் சட்டென்று எடைபோட முடியாது.

வடக்கே பரங்கிமலை, தோமையாருடையது. சூசையப்பர் விரதத்தைத் தன் வீட்டோடு நிறுத்திக்கொண்டார். தோமையார் ஊரான் வீட்டு முதலிரவில் கைவைத்தார். சொல்வது நானல்ல, மூன்றாம் நூற்றாண்டில் சிரியாப் பக்கம் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்'.

தச்சு வேலைக்கு அடிமையாக விற்கப்பட்ட தோமா, இந்தியாவுக்கு வரும் வழியில் ஒரு துறைமுகத்தில் இறங்குகிறார். அங்கே அரசனின் ஒரே மகளுக்குக் கல்யாணம். வராதவன் ராஜாவுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று தண்டோரா. போனார், சாப்பிடவில்லை. அரசன் விடாமல் இழுத்துப்போய் மணமக்களுக்கு ஜெபம் சொல்ல வைத்தான். பேரன் ஆசை யாரை விட்டது? ஜெபம் முடிந்தது, எல்லாரும் வெளியேறினார்கள். மாப்பிள்ளை ஆசையாகத் திரையை விலக்கினால், தோமாவின் உருவத்தில் இயேசுவே உட்கார்ந்து பெண்ணோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

"இப்பத்தானே வெளியே போனீங்க?"

"அவன் தோமா. நான் வேறே."

பிறகு அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, புதுமணத் தம்பதியை ஆளுக்கொரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். ராத்திரிப் பிரசங்கத்தின் பொருள், பிள்ளைகள். பெற்றவன் அவர்களுக்காகக் கொள்ளையடிப்பான், அநாதைச் சொத்தைப் பிடுங்குவான். பிள்ளையோ சீக்காளியாகவோ உதவாக்கரையாகவோ போகும். பொத்தேரியில் இஞ்சினியரிங் ஃபீஸ் கட்டிவிட்டு வரும் எந்த அப்பாவும் இதை மறுக்கமாட்டார். காலையில் அரசன் வந்து பார்த்தால் இருவரும் எதிரெதிரே சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறார்கள். துணியைக் கிழித்துக்கொண்டு மந்திரவாதியைப் பிடிக்க ஆளனுப்பினான். தோமா கப்பலேறிவிட்டிருந்தார்.

பிறகு போன ஊரிலும் அவர் திருந்தவில்லை. மஸ்தாய் அரசனின் சொந்தக்காரன் மனைவி மிக்தோனியா, தோமாவின் பிரசங்கத்தைக் கேட்டபின், கணவன் நெருங்கியதும் படுக்கைத் திரையைச் சுற்றிக்கொண்டு ஓடி, தாதியின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அவளுக்குப் புத்தி சொல்ல அரசன் தன் ராணியையே அனுப்பினான். ராணியும் அதே விரதத்தோடு திரும்பினாள். அதுவரை அடுத்தவன் வீட்டு வழக்கு. இப்போது அரண்மனைக் கட்டிலுக்கே வந்துவிட்டது. நான்கு வீரர்கள் தோமாவை மலைக்குக் கூட்டிப்போய் ஈட்டியால் குத்தினார்கள்.

அந்த மலை பரங்கிமலை, ஆண்டு கி.பி. 72 என்பது நம்மூர் மரபு. திருச்சபை மலையையும் ஈட்டியையும் வைத்துக்கொண்டது, காரணத்தை மட்டும் விட்டுவிட்டது. புத்தகம் விலக்கப்பட்ட பட்டியலுக்குப் போனது. நாலாம் நூற்றாண்டில் கங்க்ரா சங்கம், இல்லறத்தைப் பழிப்பவனைச் சபித்தது. எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ஞானஸ்நானத் தொட்டிக்கு ஆள் ஏது? அதே நூற்றாண்டின் கடைசியில் ஜெரோம் கன்னிமைக்கு 100, கைம்மைக்கு 60, இல்லறத்துக்கு 30 என்று மார்க் போட்டார். 30 நம் பள்ளிக்கூடத்தில் பாஸ்கூடக் கிடையாது. திருச்சபைக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

பிரான்சில் 1858இல் மணந்த லூயி மார்த்தேன், செலி தம்பதி இரண்டு காலையும் சரியாக ஊன்றினார்கள். பத்து மாதம் அண்ணன் தங்கையாக வாழ்ந்தார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியார், போதும் என்றார். பிறகு ஒன்பது பிள்ளைகள்! பிழைத்த ஐந்து பெண்களும் கன்னியாஸ்திரிகள். அதில் ஒருத்தி நம் சிறுமலர் தெரேசாள். 2015இல் தம்பதிக்குப் புனிதர் பட்டம்.

2021இல் கேரளத்தின் பாலா மறைமாவட்டம், ஐந்தும் அதற்கு மேலும் பெற்ற குடும்பங்களுக்கு மாதம் 1500 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. அறிவித்தவர்கள் தோமா கிறிஸ்தவர்கள்.