சாவி எங்கே என்று கேட்காதீர்கள்

நார்விச், இங்கிலாந்து

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் போனில் வைத்த இரண்டு புகார்களும் உண்மைதான். ஒன்று, நான் துப்பாக்கி வாங்கியிருக்கிறேன். இரண்டு, அதைப் பூட்டி வைத்த இரும்புப் பெட்டியின் சாவி எங்கே என்று அவளிடம் சொல்ல மறுக்கிறேன். முதல் புகாருக்குச் சிரித்த நீங்கள், இரண்டாவதற்கு விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். இடுப்பில் கொத்துச்சாவியோடு பிறந்த அத்தை பெற்ற பெண்ணிடம் ஒரு சாவியை ஒளிப்பதென்றால் சும்மாவா?

ஆனால் ஒளிக்கச் சொன்னது நானில்லை, மாமா. இந்த நாட்டுச் சட்டம். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கைக்கு மட்டும்தான் துப்பாக்கி எட்டவேண்டும். பெண்டாட்டியானாலும் சரி. முதலில் டாக்டரிடம் என் புத்தி நிதானமாக இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்கினார்கள். பிறகு போலீஸ் தரப்பிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்தார். இரும்புப் பெட்டி சுவரோடு முடுக்கப்பட்டிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். உங்கள் மகள் கொடுத்த டீயைக் குடித்தார். முறுக்கு இரண்டு தின்றார். தின்ற வாயாலேயே, "சாவி இருக்குமிடம் இந்த அம்மாவுக்குத் தெரியக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ஆரம்பித்தது.

அத்தையிடம் முதலில் ஒன்று சொல்லிவிடுங்கள்: ஜீவஹிம்சை கிடையாது. நான் சுடுவது மண் புறா. மண் என்பதும் பேருக்குத்தான். தாரையும் சுண்ணாம்புக்கல் பொடியையும் சேர்த்து வார்த்த தட்டு. 110 மில்லிமீட்டர் அகலம், ஏறக்குறைய ஒரு காபி டபராவின் வாய். ஒரு காலத்தில் உயிருள்ள புறாவைத்தான் கூண்டிலிருந்து திறந்துவிட்டுச் சுட்டார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அது நடந்தது. இங்கிலாந்தில் அதை 1921-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். புறா போனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. நம் ஊர் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டாரே, அது இந்தத் தட்டைத்தான். புதுக்கோட்டைக்காரன் என்ற ஒரே தகுதியில் எனக்கும் வரும் என்று இறங்கிவிட்டேன்.

வரவில்லை. உங்கள் தோப்பில் உண்டிவில்லால் மாங்காய் அடித்த கை இது. ஆனால் மாங்காய் ஓடாதே! தட்டு பறக்கிறது. அது இருக்கும் இடத்தைச் சுட்டால், குண்டு போய்ச் சேரும்போது அது அங்கே இருக்காது. ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவன் பஸ்ஸைப் பார்த்தா ஓடுகிறான்? அதற்கு முன்னால் ஓடி, ஓட்டத்தை நிறுத்தாமல் கம்பியைப் பிடிக்கிறான். இங்கேயும் அதே கதைதான். துப்பாக்கியை ஓட்டியபடியே சுடவேண்டும். நான் நின்று நிதானித்துச் சுட்டேன். முதல் நாள் 25 தட்டில் நான் உடைத்தது 3. அதில் ஒன்று தரையில் விழுந்து உடைந்தது என்பது என் அபிப்பிராயம்.

சரி, துப்பாக்கி வாங்கிய கதைக்கு வருகிறேன். இங்கே பெரிய மனிதர்கள் வைத்திருப்பது மேலும் கீழுமாக இரட்டைக்குழல். இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடும்படி இணைப்பது நுணுக்கமான வேலை, விலையும் அப்படியே. ஒற்றைக் குழல் செமி ஆட்டோமேட்டிக் அதைவிட மலிவாகக் கிடைக்கும். ஆனால் மைதானத்தில் அதற்குக் கொஞ்சம் மரியாதை குறைவு. இரட்டைக்குழலை மடக்கித் தோளில் போட்டால், காலி என்று பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். செமி ஆட்டோமேட்டிக் காலி என்றால் யார் நம்புவது? அதனால் தோட்டா புகும் வாயில் சிவப்புக் கொடி ஒன்றைச் செருகிக்கொண்டுதான் நடக்கவேண்டும், ரயில்வே கேட்காரர் மாதிரி.

செமி ஆட்டோமேட்டிக்கில் முக்கியமாக இரண்டு ரகம். ஒன்று, தோட்டா வெடித்த புகையில் கொஞ்சத்தைக் குழலில் உள்ள துளை வழியே பிரித்து, அந்த வேகத்தில் பிஸ்டனைத் தள்ளி, காலியை வெளியே எறிந்து அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். தோளுக்கு இதம், ஆனால் உள்ளே விறகடுப்புப் பானை மாதிரி கரி பிடிக்கும். மற்றது, துப்பாக்கி உதைக்கிற உதையையே வேலைக்கு வைத்துக்கொள்ளும். லேசானது, சுத்தமானது, ஆனால் உதையைத் தோள்தான் வாங்கவேண்டும். தோட்டா மெலிந்தால் அடுத்ததை ஏற்றாமல் பாதியில் நின்றுவிடவும் கூடும். நண்பர் இரவல் தந்த ஒன்றில் 21 கிராம் தோட்டா போட்டபோது எனக்கு அதுதான் நடந்தது. ஒரு வெடி, பிறகு மௌனவிரதம்.

கிராம் என்றது தோட்டாவுக்குள் இருக்கும் ஈய ரவையை. இங்கே போட்டிகளில் 28 கிராமுக்கு மேல் கூடாது. "இருபத்தெட்டு கிராம் ரவையில் உப்புமா ஒரு வாய் வராது, இதற்கா இந்தச் சத்தம்?" என்றாள் உங்கள் மகள்.

கடையில் துருக்கி நாட்டுப் புதுசு இருந்தது. விலை சகாயம். கையில் எடுத்துப் பார்த்தால் தோளில் உட்காரவில்லை. தோளில் பதியும் கட்டை எனக்கு நீளம். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டால் இன்னும் நீளம். கடைக்காரர் பெரியவர், நல்ல மனிதர். "கண்ணை மூடி, தோளில் ஏற்றி, பிறகு திற" என்றார். திறந்தால் குழலின் பக்கவாட்டை அல்லவா பார்க்கிறேன்! கை அளவு பார்க்காமல் தைத்த சட்டை போல. "இதை வாங்கினால் விலை மிச்சம், தட்டும் மிச்சம்" என்றார். கடைசியில் புகை ரகத்தில் பழைய இத்தாலித் துப்பாக்கி ஒன்று, 12 போர், 650 பவுண்டுக்கு வாங்கினேன். கட்டைக்கும் துப்பாக்கி உடலுக்கும் இடையே தகடு வைத்துச் சாய்வை எனக்கேற்ப மாற்றிக் கொடுத்தார்.

650-க்கு முடிந்ததே என்று துள்ளினேன். 250 தோட்டா உள்ள பெட்டி 85 பவுண்டு. எட்டுப் பெட்டி தீர்ந்தால் துப்பாக்கியின் விலையே போச்சு! மாட்டு விலையைப் பேரம் பேசியவன் தீனிச் செலவை மறந்த கதைதான். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: தோளில் தானாக உட்காரவேண்டும், மலிவான தோட்டாவையும் மறுக்காமல் தின்னவேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அதுதான் கட்டுப்படியாகிற துப்பாக்கி. விலைச்சீட்டைப் பிறகு பார்க்கலாம்.

இதில் ஒரு சங்கடம், காலித் தோட்டா வலப்பக்கம் தெறிக்கிறது. முதல் நாளே பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற கனவானின் தொப்பியில் போய் விழுந்தது. அவர் எடுத்து, "உங்களுடையது என்று நினைக்கிறேன்" என்று மரியாதையாக நீட்டினார். நம் ஊராக இருந்தால் ஒரு வசவோடு முடிந்திருக்கும். இந்த மரியாதைதான் மூன்று நாள் தூங்கவிடவில்லை.

இனி முக்கிய விஷயம். போன மாதம் சாவியை வைத்த இடம் எனக்கே மறந்துவிட்டது. பதினாறு வருஷமாக எது தொலைந்தாலும் உங்கள் மகளைக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். இதை மட்டும் அவளிடம் கேட்கக்கூடாது. நான் வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் கீரை ஆய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை உங்களுக்குத் தெரியும், அத்தையிடமிருந்து வந்தது. மூன்றாம் நாள் கிடைத்தது. எங்கே என்று இதில் எழுத முடியாது.

மறுநாள் அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே பயிற்சி தருபவரின் துப்பாக்கியை வாங்கி, அவர் பக்கத்திலேயே நின்று சுட்டாள். 25-இல் 11. இப்போது தன் பெயரில் லைசென்ஸுக்கு மனுப் போட்டிருக்கிறாள். அது வந்துவிட்டால் சாவியை அவளிடமே சட்டப்படி ஒப்படைத்துவிடுவேன். அதற்குப் பிறகு சாவி எங்கே என்று அவளைக் கேட்கவேண்டியவன் நான்தான்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: முறுக்கு தீர்ந்துவிட்டது. அவள் மனுவுக்காக அந்த அதிகாரி மறுபடி வருவார். அத்தையிடம் சொல்லிக் கொஞ்சம் அனுப்பிவையுங்கள்.