பந்தியில் ஒரு விசாரணை

கலியாணப் பந்தியிலே, அப்பளம் நொறுங்குவதற்கும் பாயசம் வந்து சேருவதற்கும் இடைப்பட்ட சொற்ப அவகாசத்தில், என் பக்கத்து இலைக்காரராகிய பெரியவர், பட்டம் பெற்று இரண்டே வருஷமான எதிர் இலை இளைஞனை நோக்கி, "தம்பி, இன்னும் ஸெட்டில் ஆகவில்லையா?" என்று ஆரம்பித்து, உறவுக்காரப் பிள்ளைகளின் சம்பளம், அடுக்குமாடி வீடு, அமெரிக்க விஸா ஆகியவற்றை ஸஹஸ்ரநாமம்போல் பாராயணம் செய்து, "கணித மேதை ராமானுஜன் உன் வயதில் எப்படியிருந்தார் தெரியுமா?" என்று மங்களம் பாடி முடித்தார்.

எனக்குத் தெரியும். கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்து, பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறாமல், உத்தியோகம் வேண்டிப் பிரமுகர்களின் வாசற்படிகளை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1911-இல் அச்சேறியபோதும் அவருக்கு வேலை கிடையாது. 1912-இல், 24-ஆம் வயதில், சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவானார். ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானது 1918-இல்தான். 1911-ஆம் வருஷத்து ராமானுஜனை இதே பந்தியில் உட்கார்த்தியிருந்தால், பாயசம் வருமுன்னரே, "பையன் தேறமாட்டான்" என்று நம் பெரியவர் தீர்ப்பெழுதி, அவருடைய தாயாருக்கு அனுதாபமும் தெரிவித்திருப்பார்.

பாயசம் வந்தது, உபதேசம் நின்றது. உத்தியோகம் நிரந்தரமானபோது தமக்கு வயது 34 என்பதை மட்டும் பெரியவர் பிரஸ்தாபிக்கவேயில்லை. அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தவன் நான்.