ஆள் தேடும் அண்ணாச்சி

சங்கரன்கோவில்காரர் ஒருவரை ஃபேஸ்புக்கில் தேடிப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஊரில் சாமி சங்கரநாராயணர். அம்பாள் கோமதி, அவளுக்கே ஆவுடையம்மாள் என்றும் பெயர். அதனால் ஊரிலும் சுத்துப்பட்டிலும் பிறந்ததுகளில் ஒரு பாதி சங்கரன், சங்கரலிங்கம், சங்கரநாராயணன், சங்கரி. மறுபாதி கோமதி, கோமதிநாயகம், கோமதிசங்கர், ஆவுடையப்பன், ஆவுடைத்தாய். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது வாத்தியார் இனிஷியலை வைத்துத்தான் பிரித்தார்: "எஸ். கோமதி", "பி. கோமதி", "இன்னொரு எஸ். கோமதி". 2004இல் ஹார்வர்டு விடுதியில் உட்கார்ந்து ஃபேஸ்புக்கைக் கட்டிய மார்க் ஜுக்கர்பெர்க்குக்கு அந்த இன்னொரு எஸ். கோமதியைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் குறையைத் தீர்க்கவே அவதரித்தவர் அண்ணாச்சி. பெயர் எதற்கு? நாலு ரத வீதியில் எதில் நின்று கேட்டாலும் கை காட்டுவார்கள், வீதிக்கு ஒருவரை. அறுபதைத் தாண்டிய வயது, நெற்றியில் புற்றுமண், சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி, கையில் வளைகுடாவிலிருந்து மகன் கொண்டுவந்து கொடுத்த போன். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். இல்லையென்றால் நாலு விசைத்தறியை மூத்த மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருப்பார். போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, ஆள்காட்டி விரலால் மட்டும் தட்டுவார். முதல் டீக்கு உட்கார்ந்தால் இரண்டாவது டீ வருவதற்குள் ஒரு அறிவிப்பு வரும்: "ஆள் கெடைச்சாச்சு!"

யார் கிடைத்தது என்று கேட்கக் கூடாது. எப்படிக் கிடைத்தது என்றுதான் கேட்க வேண்டும். அதற்குத்தான் அவர் காத்திருக்கிறார்.

"ஜி போட்டா ஒரு கோமதி வாரா, கே போட்டா வேற கோமதி. கடைசியில ஐ போட்டா ஒரு கூட்டம், ஒய் போட்டா இன்னொரு கூட்டம். ஊரு பேரயும் ஒருத்தன் கோவில்ங்கான், ஒருத்தன் கோயில்ங்கான், ஒருத்தன் சங்கரன தனியா வெட்டி எழுதுதான். எல்லாத்தயும் போட்டுப் பாக்கணும் வே." பிறகு மாவட்டக் கதை. தென்காசி மாவட்டம் பிரிந்தது 2019இல். அதற்கு முன்னால் கணக்குத் தொடங்கியவர்கள் திருநெல்வேலி என்று போட்டிருப்பார்கள், அப்புறம் வந்தவர்கள் தென்காசி. பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய் அங்கேயே வீடு கட்டியவர்கள் எதையும் போடுவதில்லை. போட்டால் யாராவது கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்பார்கள் என்ற பயம்.

படத்தைப் பார்த்து அடையாளம் காணலாம் என்று நினைப்பவர் இந்தத் தொழிலுக்குப் புதியவர். ஆண்கள் பலர் விஜய், சிலர் அஜித், பக்திமான்கள் ஒன்பது நிலை ராஜகோபுரம். பெண்கள் ரோஜாப்பூ, கோலம், பேத்தி. இன்னும் சிலர் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து ஒரே கணக்கு வைத்திருப்பார்கள். பெயர் பாதி அவருடையது, பாதி அவளுடையது, படத்திலும் ஆளுக்குப் பாதி. எங்கள் ஊர்க்காரனுக்கு இதில் திகைப்பே வராது. வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் திருமால் என்று ஒரே திருமேனியில் இரண்டு பேரைப் பார்த்துப் பழகிய கண். அந்தக் காட்சிக்காகக் கோமதி தவம் இருந்ததைத்தான் வருஷா வருஷம் ஆடித்தபசு என்று கொண்டாடுகிறோம். அம்பாளுக்காவது தவத்தின் முடிவில் தரிசனம் கிடைத்தது. அண்ணாச்சி அனுப்பிய நட்பு அழைப்பைப் பாதித் திருமேனி ஏற்க, மறுபாதி அன்று இரவே நீக்கிவிட்டது.

அண்ணாச்சியின் பூர்வாசிரமம் ஆர்குட். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து ஆள் சேர்த்தார். 2014 செப்டம்பர் 30ஆம் தேதி கூகுள் அதை இழுத்து மூடியபோது சேர்த்த ஆட்களெல்லாம் மறுபடி சிதறிப் போனார்கள். சொந்தத்தில் துக்கம் விழுந்ததுபோல இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகுதான் புரிந்தது, அத்தனை பேரையும் முதலிலிருந்து தேடலாம் என்று. முகம் தெளிந்துவிட்டது.

அவருக்கு இரண்டாவது அடி 2018 ஏப்ரலில் விழுந்தது. அதுவரை ஃபேஸ்புக்கில் போன் நம்பரைப் போட்டுத் தேடினால் ஆளைக் காட்டும். அதை வைத்து விவரம் திருடுகிறார்கள் என்று சொல்லி அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். "எவனோ திருடுனதுக்கு என்னய ஏன்ல தண்டிக்கான்?" என்று கேட்டார். மூன்று வருஷம் கழித்து, 53 கோடிப் பேருடைய விவரம் நம்பரோடு இணையத்தில் சிதறிக் கிடப்பதாகச் செய்தி வந்தது. அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, மெதுவாக, "அது எங்கிட்டு கெடக்கு?" என்று விசாரித்தார்.

இப்போது நம்பருக்கு ட்ரூகாலர். ஸ்வீடனில் உண்டாக்கிய செயலி. ஒருவரைப் பலர் தங்கள் போனில் என்ன பெயரில் வைத்திருக்கிறார்கள் என்பது அதில் சில சமயம் வெளிப்பட்டுவிடும். ஊருக்கு நிழற்குடை கட்டிக் கொடுத்த பெரிய மனிதர் ஒருவரின் நம்பரைப் போட்டால் "எடுக்காதே ரெண்டு" என்று வந்தது. ஒன்று யார் என்று தேடும் வேலையில் அண்ணாச்சிக்கு ஒரு வாரம் போயிற்று.

இந்தக் கலை அவருக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெல்லைச் சீமையில் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவரிடம் கேட்கும் கேள்வி இரண்டுதான்: "எந்தூரு? யாரு மவன்?" பதில் வந்ததும் தாத்தா வழி, பாட்டி வழி, பெண் கொடுத்த வழி என்று போய், புளியங்குடி தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுவார்கள். அண்ணாச்சி செய்வதும் அதுதான். ஆனால் பஸ்ஸில் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் காதில் மட்டும் விழும். அவர் கேட்பது லிங்க்ட்இன்னில். கலிஃபோர்னியாவில் பெரிய கம்பெனியில் துணைத் தலைவரான ஒரு பையன், தலைமைப் பண்பு பற்றி ஆங்கிலத்தில் நாலு பத்தி எழுதியிருக்கிறான். வெள்ளைக்காரர்கள் கீழே கை தட்டுகிறார்கள். நடுவில் தமிழில் அண்ணாச்சி: "தம்பி, நீங்க திருவேங்கடம் ரோட்டு மாவு மில்லுக்காரர் பேரனா? ஒங்க தாத்தா எங்க அப்பாட்ட வாங்குன ஏணி இன்னும் இருக்கா?" பையன் பதில் போடவில்லை. ஏணி இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம் என்கிறார்.

1967இல் அமெரிக்காவில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் ஒரு வேடிக்கையான ஆராய்ச்சியை வெளியிட்டார். முன்பின் தெரியாத ஒருவருக்குச் சேர வேண்டிய உறையைச் சிலரிடம் கொடுத்து, தெரிந்தவர் மூலமாக மட்டுமே கைமாற்றி அனுப்பச் சொல்வது. பின்னால் அவர் வேறொருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், பாஸ்டன் பக்கத்துப் பங்குத் தரகர் ஒருவருக்காகக் கிளப்பிய 296 உறைகளில் 64 போய்ச் சேர்ந்தன என்று இருக்கிறது. நடுவில் சராசரியாக ஐந்து பேர். 2016இல் ஃபேஸ்புக் தன் கணக்குகளை அலசி, எந்த இரண்டு பேருக்கும் நடுவில் சராசரியாக 3.57 பேர்தான் என்றது. இதை நான் தெரியாத்தனமாக அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். மறுநாளே தெருவெல்லாம், "எனக்கும் ஜுக்கர்பெர்க்குக்கும் நடுவுல மூணரை பேருதான்."

"அந்த அரை ஆளு யாரு?" என்று மதினி உள்ளேயிருந்து கேட்டார்கள்.

"ஒன் தம்பிதான்."

அந்த 64இல் தரகரின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தவை 24. அவற்றில் 16 உறைகளைக் கடைசியாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஒரே ஆள், அந்த ஊர் ஜவுளி வியாபாரி. சங்கரன்கோவிலுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கேயும் ஜவுளிக்கடையிலோ பூ மார்க்கெட்டிலோ பிரியாணிக் கடைக் கல்லாவிலோ கேட்டால், எந்தக் கோமதி எந்த ஊரில் எத்தனை பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அண்ணாச்சி கேட்க மாட்டார். கேட்டால் கிடைத்துவிடும்.

கிடைத்த பிறகு என்ன நடக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருஷம் கழித்து மெசஞ்சரில் சந்திக்கும் இரண்டு தோழர்களின் உரையாடல் இது:

"என்னல, நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன். நீ?"

"இருக்கேன்."

"சரி."

"சரி."

அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு ஒரு ரோஜாப்பூ, அதன்மேல் பனித்துளி, அதன்மேல் இனிய காலை வணக்கம். அதற்கடுத்த நாள் முருகன். ஒரு வாரத்தில் தோழர் அறிவிப்பை அணைத்துவிடுவார். அண்ணாச்சி அடுத்த ஆளுக்கு நகர்ந்திருப்பார். 5000 பேருக்கு மேல் நண்பர்களாகச் சேர்க்க ஃபேஸ்புக் விடாது என்பதால் புதியவர் வர வேண்டுமானால் பழையவர் ஒருவர் போக வேண்டும். செத்துப்போனவர்களை நீக்க அவருக்கு மனசு வராது. அவர்கள் பிறந்தநாளுக்கும் வாழ்த்துப் போடுகிறார். உயிரோடு இருந்தும் லைக் போடாதவர்களைத்தான் கழிப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணாச்சிக்காக வக்காலத்து வாங்க எனக்கு மனமில்லை. கூடப் படித்த பெண்களைத் தேடுவது. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆட்டோகிராஃப் நோட்டில் எழுதிய பெயர்களெல்லாம் வரிசையாக நிரம்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கிடைத்த கோமதிகள் எல்லாருக்கும் "நீ மூணாவது பெஞ்சு கோமதியா?" என்று ஒரே வாசகத்தை அனுப்பி வைத்தால் எப்படி? ஒரு கோமதி ஆங்கிலத்தில் யார் என்று கேட்டாள். ஒரு கோமதியின் மகன் போன் போட்டு, அதையே தமிழில், கொஞ்சம் கூடுதலாகக் கேட்டான். சிலர் தொலைந்துபோனவர்கள் இல்லை; விலகிப் போனவர்கள். படத்தில் ரோஜாப்பூவை வைப்பதும் அதற்குத்தான். இதைச் சொன்னால், "நான் என்ன, பேரக் கேட்டேன், அம்புட்டுத்தானே?" என்பார். நல்லவேளையாக, தெரியாதவர்கள் அனுப்பும் செய்திகளை மெசஞ்சர் தனியாக ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கிறது. அவர் எழுதியதில் பெரும்பகுதி அங்கேதான் உறங்குகிறது.

ஆடித்தபசுக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். சென்னை, மும்பை, திருப்பூர் என்று போனவர்களெல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். அவர் தேடும் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அன்று தெற்கு ரத வீதிக் கூட்டத்தில் அவரை இடித்துக்கொண்டுதான் போகிறார்கள். அண்ணாச்சி யாரையும் பார்ப்பதில்லை. தபசுக் காட்சியை நேரலையில் போட்டுவிட்டு, யார் யார் பார்க்கிறார்கள் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

போன ஐப்பசியில் ஒருநாள் அவருக்கு விடியற்காலையிலிருந்து போன் மேல் போன். அவர் பெயரில், அவர் படத்தோடு, எவனோ ஒரு போலிக் கணக்கைத் தொடங்கி, "அவசரம், 5000 ரூபாய் அனுப்பவும், நாளை தருகிறேன்" என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறான். துபாயிலிருந்து ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பேர், ரோஜாப்பூவுக்கு ஒருநாளும் பதில் போடாத ரிட்டயர்டு தாசில்தார், எல்லாரும் வரிசையாகக் கூப்பிட்டார்கள். "அண்ணாச்சி, ஆசுபத்திரியில இருக்கியளா? ஒடம்புக்கு என்ன?" ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் பேச்சு. மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று.

"1930க்குப் போன் போட்டுச் சொல்லுங்க, அதுதான் சைபர் கிரைம் நம்பராம்" என்றார்கள் மதினி.

"இரு. இன்னும் ரெண்டு பேரு கூப்புட வேண்டியிருக்கு."

சாயங்காலம் டீக்கடையில் போலி அண்ணாச்சியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நண்பர் பட்டியல் பூட்டியிருந்தது. ஆனால் படத்துக்கு லைக் போட்டவர்களில் ஒரு பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் பக்கத்து இருக்கை, எல். கோமதிநாயகம். பத்து வருஷமாகத் தேடிய ஆள். அண்ணாச்சிக்குக் கிடைக்காதவன் திருடனுக்கு நண்பனாகியிருக்கிறான்.

நான் தடுப்பதற்குள் தன் போலிக்கே நட்பு அழைப்பை அனுப்பிவிட்டார். அந்தப் பக்கம் தாமதமே இல்லை, உடனே ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் செய்தியும் வந்தது: "அவசரம், 5000 ரூபாய் அனுப்பவும், நாளை தருகிறேன்."

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். "அது கெடக்கட்டும் தம்பி. நீங்க எந்தூரு? யாரு மவன்?"