சத்தம் எங்கே போகிறது? லினக்ஸ் மௌனம் பற்றி ஓர் ஆய்வு

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பாட்டைப் போட்டால் விநாடி நகர்கிறது, கோடு நகர்கிறது, சத்தம் மட்டும் வருவதில்லை. இதைப் பழுது என்பார் உளர். அவர் கூற்று பொருந்தாது. பழுதாயின் பிழைச்செய்தி ஒன்று தோன்றியிருக்கும். தோன்றாமையின், ஒலி பிறந்துவிட்டது, நம் செவியைத் தவிர வேறெங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதற்கண் கால ஆராய்ச்சி. 1992இல் பின்லாந்தின் ஹன்னு சவொலைனன் தொடங்கிவைத்த ஓஎஸ்எஸ் என்னும் ஒலியமைப்பின் மரபில், பெரும்பாலான சவுண்ட் கார்டுகளில் ஒரு சமயத்தில் ஒரு நிரல்தான் வாய் திறக்கலாம். பின்னர் அல்சா வந்தது. அதன்மேல் 2004இல் லெனார்ட் போட்டரிங்கின் பல்ஸ்ஆடியோ ஏறியது. இசைக்கூடத்தார் ஜாக் என்று தனிக்குடித்தனம் போனார்கள். 2021இல் ஃபெடோரா 34 பைப்வயரை அரியணை ஏற்றியது. விம் டேமன்ஸ் அதைத் தொடங்கியது வீடியோவுக்காக என்பது ஆய்வுலகம் சிரிக்காமல் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. இன்று பைப்வயர் பல்ஸ்ஆடியோ கேட்டுவரும் நிரலிடம் பல்ஸ்ஆடியோவாகவும், ஜாக் கேட்டுவருவதிடம் ஜாக்காகவும் நடிக்கிறது. அடியில் அல்சா அப்படியே இருக்கிறது. வந்தவர் பலர், போனவர் சிலர்.

இனி மௌன வகை. மிகத் தொன்மையானது எம்எம் மௌனம். அல்சாமிக்ஸரைத் திறந்தால் கம்பம் நூறைத் தொட்டு நிற்கும், அதன் காலடியில் இரண்டு எம் எழுத்துகள் இருக்கும். முழு ஒலியும் முழு அமைதியும் ஒரே கம்பத்தில். எம் விசையைத் தட்டினால் விமோசனம்.

எச்டிஎம்ஐ மௌனம் இதனினும் நுட்பமானது. கிராபிக்ஸ் கார்டும் தன்னை ஒரு சவுண்ட் கார்டாகப் பதிவு செய்துகொள்வதால், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் பாட்டு முழுமையாக அனுப்பப்படுகிறது. சான்று வேண்டுமெனின் வால்யூம் கண்ட்ரோலில் வெளியீட்டுப் பட்டியலைக் காண்க: எச்டிஎம்ஐக்கு நேரே அளவுக்கோடு துள்ளிக்கொண்டிருக்கும். நம் துணிபுக்கு இதைவிட வலுவான கல்வெட்டு கிடைக்காது.

புளூடூத்தில் ஒலி வருகிறதே, அது மௌனமாகுமோ எனின், ஆகும். நிரல் ஒன்று மைக்கைத் தொட்டவுடன் ஹெட்செட் ஏ2டிபி என்னும் பாட்டு முறையை விட்டு அழைப்பு முறைக்கு மாறுகிறது. ஸ்டீரியோ போய் மோனோ, மாதிரி வீதம் 16 கிலோஹெர்ட்ஸ், பழைய கருவியாயின் 8. வயலின்கள் எல்லாம் ட்ரங்க் கால் போட்டுப் பேசுவதுபோல் இருக்கும். இதைப் பாதி மௌனம் எனக் கொள்க.

மைக்குக்குப் பதிலாக, ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியையே திருப்பித் தரும் ‘மானிட்டர்’ வழியைத் தேர்ந்துவிடுவது இன்னொரு வகை. நம் பேச்சு எவருக்கும் போகாது. அவரவர் பேசியது அவரவருக்கே திரும்பும். அலுவலகக் கூட்டங்களில் இதை எவரும் உடனே கண்டுபிடிப்பதில்லை.

பைப்வயரை மீளத் தொடங்குவதைப் பரிகாரமாகச் சொல்வர். பலிக்கும், ஏன் பலித்தது என்று உரையாசிரியர் ஒருவரும் எழுதவில்லை. கற்றோர் வழி கியூபிடபிள்யூகிராஃப் என்னும் இணைப்பு வரைபடக் கருவி. நிரல்கள் பெட்டிகளாகத் தோன்றும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கம்பி இழுக்கலாம். பிரவுசரை ஸ்பீக்கருக்கும் ஒலிப்பதிவு நிரலுக்கும் ஒருங்கே பூட்டலாம். நிரலை மூடித் திறந்தால் நாம் இழுத்த கம்பி இராது. பைப்வயரின் இணைப்பு மேலாளரான வயர்பிளம்பர் தன் விதிப்படி வேறு கம்பி போட்டிருக்கும். ஆகவே இணைப்புகளைப் பேட்ச்பே கோப்பாகச் சேமிக்க வேண்டும். அப்படிச் சேமித்து வைத்திருப்போர் திரைகளைக் கண்டதுண்டு: பெட்டி பெட்டியாக நிரல்கள், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். பாட்டு எதுவும் ஓடவில்லை.