முன்னாள் கடைக்குட்டி

முன்னாள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஓய்வூதியம் உண்டு. அரசுப் பேருந்தில் இலவசமாகப் போய்வரலாம். கட்சிக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையிலாவது ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள். இது எதுவுமே இல்லாத முன்னாள் ஒருவர் பிள்ளைகள் நிறைந்த வீடுகளில் உண்டு. வயது மூன்றரை. நேற்றுவரை அவர்தான் கடைக்குட்டி. இன்று காலை வாடகைக் காரில் அம்மா வந்து இறங்கினாள். மடியில் துண்டில் சுற்றிய ஒன்று இருந்தது. ஆட்சி மாறிவிட்டது.

இவரை மூத்த பிள்ளையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்தது அரியணை இழக்கிறது என்று வியன்னாவில் இருந்த மனநல மருத்துவர் ஆல்ஃபிரட் அட்லர் எழுதினார். அவரே வீட்டில் இரண்டாம் பிள்ளைதான். அண்ணன் பெயர் சிக்மண்ட். தொழிலில் சண்டை போட்டுப் பிரிந்த பெரியவர் பெயரும் சிக்மண்ட். மனிதர் மூத்தவர்களைப் பற்றி யோசித்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் மூத்ததுக்கு மடி போனாலும் அதிகாரம் வரும். அண்ணன் என்ற பட்டமும், தம்பி தலையில் குட்டும் உரிமையும் கூடவே வரும். நம்மவருக்கு மேலே ஏற்கெனவே மூன்று பேர் குட்டுவதற்கு இருக்கிறார்கள். கீழே இருப்பது ஒன்றே ஒன்று, அதைத் தொடவே கூடாதாம். "கைய கழுவிட்டு வால." கழுவிவிட்டு வந்தால், "ஈரக் கையோட தொடாத."

பதவி போகப்போவதை யாரும் இவருக்கு முறையாகச் சொல்வதில்லை. ஊரிலிருந்து வந்த சித்தி கன்னத்தைக் கிள்ளிக் கேட்பாள்.

"ஏல, ஒனக்குத் தம்பிப் பாப்பா வேணுமா, தங்கச்சிப் பாப்பா வேணுமா?"

"பொரி உருண்டை வேணும்."

"அது கெடக்கட்டும். தம்பியா, தங்கச்சியா?"

"ரெண்டு பொரி உருண்டை."

பாவம், தன்னிடம் சம்மதம் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

பிறகு பிள்ளை பார்க்க வருகிறவர்கள். குல்லா, காலுறை, பவுடர் டப்பா, குடை மாதிரி விரிகிற கொசுவலை என்று பை பையாக வரும். ஒவ்வொரு பையையும் முதலில் சோதனை போடுகிறவர் நம்மவர். அவருக்கென்று எதுவும் இருக்காது. கோவில்பட்டி கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் தனியாக வாங்கிவந்து, குழந்தை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இவர் கையில் கொடுக்கிற நாகரிகம் தெரிந்தவர்கள் ஊருக்கு இரண்டு பேர் தேறினால் அதிகம். மற்றவர்கள் இவரிடம் வாயை மட்டும் திறப்பார்கள். "இனும ஒன்னைய யாரு தேடுவா? ஒன்னைய தவுட்டுக்குல்லா வாங்குனோம். தம்பிதான் எங்க பிள்ளை" என்பாள் எதிர்வீட்டு மதினி. தவிட்டுக்கு வாங்கப்படாத பிள்ளை நம் பக்கத்தில் எவரும் இல்லை. அந்த மதினியும் ஒரு காலத்தில் தவிட்டுக்கு வந்தவள்தான். ஆனால் நம்மவர் கணக்கில் புலி. மாட்டுக்குத் தவிடு வாங்கத் தீவனக் கடைக்குப் போகும் அண்ணன் பின்னாலேயே போய், பாப்பாவைத் தந்தால் எவ்வளவு தருவீர்கள் என்று விசாரித்துவிட்டு வந்து வாசலிலிருந்தே கத்துவார்: "எம்மா, அரை மூடை தாராகளாம்!"

ஆச்சிக்கு மட்டும் இவர் நோயாளி. விரல் சூப்பல் திரும்ப வந்திருக்கிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த வாய் மழலைக்குப் போய்விட்டது. ராத்திரி பாய் நனைகிறது. சோற்றைக் கண்டால் உதட்டை இறுக மூடிக்கொள்கிறார். "சவலை பாஞ்சிருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். ஆச்சி சொல்வதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. அடுத்த பிள்ளை வந்ததும் தாய்ப்பால் நின்று, மக்காச்சோளக் கஞ்சியே சாப்பாடாகிப்போன குழந்தைகள் வீங்கி நோயில் விழுவதை, இன்றைய கானாவில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1933இல் மருத்துவ இதழில் எழுதினார். புரதக் குறைவு காரணமாக இருக்கலாம் என்றார். ஆச்சி எந்த இதழையும் படிக்காமலே ஒரு முட்டையை அவித்து, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வைத்து, மற்ற மூன்று பேருக்கும் தெரியாமல் ஊட்டிவிடுவாள். ஐந்து நிமிஷத்தில் மூன்று பேருக்கும் தெரிந்துவிடும். வாயோரத்தில் மஞ்சள்.

ஆச்சி காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டும்போது இவர் பக்கத்திலேயே நிற்பார். மூக்கை நீவிவிட்டால் தன் மூக்கையும் நீட்டுவார். சாம்பிராணிப் புகைக்குள் தலையை நுழைத்து இருமுவார். கன்னத்தில் மைப்பொட்டு தனக்கும் வேண்டும். கண் படுகிற அழகு தனக்கும் உண்டல்லவா? பிறகு கல்லில் வசம்பு, சுக்கு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய் என்று ஒவ்வொன்றாக உரசிப் பாலாடையில் வழிப்பாள். வரிசையில் வாயைத் திறந்துகொண்டு இவரும் நிற்பார். கசப்பு தொண்டையில் இறங்கும்போது கண்ணில் தண்ணீர் முட்டும். "நல்லா இருக்கு" என்பார். பதவியை விட்டுக்கொடுக்க முடியுமா?

கிரைப் வாட்டர் கதை வேறு. அது இனிக்கும். ஆகவே குழந்தைக்கு வயிறு உப்புசம் வருகிற அன்றெல்லாம் இவருக்கும் வயிற்று வலி வரும். 1851இல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் அதை உருவாக்கியபோது அதில் கொஞ்சம் சாராயச் சத்தும் இருந்தது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எங்கள் சொந்தத்தில் ஒரு மாமா, அந்தப் பழைய பாட்டில் எங்காவது கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

சொத்துத் தகராறு துணியில் ஆரம்பிக்கும். மூத்தவள் போட்டது இரண்டாமவனுக்கும், அவன் போட்டது மூன்றாமவளுக்கும் வந்து, கடைசியில் காலர் நைந்து, பித்தான் மாறி இவரிடம் வந்து நின்ற மஞ்சள் சட்டை அது. இவருக்குப் பிறகு கரித்துணி என்பதுதான் ஏற்பாடு. திடீரென்று ஒருநாள் அந்தச் சட்டை தொட்டிலுக்குள் கிடக்கிறது, உள்ளே ஒரு ஆள் இருக்கிறது. அன்று மாலை தெருவில் பார்த்தால், தொப்புளுக்கு மேலே நின்றுவிட்ட மஞ்சள் சட்டையோடு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நம்மவர் நிற்பார்.

ஆனால் இவருடைய முழுத் திறமையும் வெளிப்படுவது குழந்தை தூங்கும் நேரத்தில். அந்த வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? குக்கர் விசிலைத் தூக்கிவிட்டார்கள். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் முணுமுணுப்பதோடு சரி. மூத்தவள் வாய்ப்பாட்டை உதட்டால் மட்டும் மனப்பாடம் செய்கிறாள். அப்பா தும்மலை அடக்கி, அது காது வழியாக வெளியேறுகிறதோ என்கிற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அம்மா தொட்டிலை விட்டுக் கையை எடுத்து, ஓர் அடி பின்னால் வைத்து, இன்னோர் அடி வைத்து... அப்போதுதான் நம்மவருக்கு அதிமுக்கியமான சந்தேகம் வரும். "எம்மா! யானைக்கு முழங்கால் உண்டா?" ஆறு கைகள் ஒரே நேரத்தில் அவர் வாயைப் பொத்தப் பாயும். ஏதோ ஒரு முழங்கை அலமாரியில் இடிக்கும். எவர்சில்வர் தம்ளர் ஒன்று சிமெண்ட் தரையில் விழுந்து, நிற்காமல், வட்டமடித்து, சின்னச் சின்னதாகக் குலுங்கி, எல்லாரும் பார்த்துக்கொண்டே இருக்க மெல்ல மெல்ல அடங்கும். அதற்குப் பிறகு ஒரு நொடி நிசப்தம். குழந்தை மூச்சை உள்ளே இழுக்கிற நொடி அது. அந்த நொடிக்குள் நம்மவர் அறிக்கை வெளியிட்டுவிடுவார்: "நான் இல்ல."

குழந்தையை அம்மா தூக்கிக்கொண்டால் காலித் தொட்டிலில் இவர் ஏறிக்கொள்வார். இருபுறமும் கால் தொங்கும். சேலை கிழிகிற சத்தம் கேட்கும்.

ராத்திரிப் படுக்கையில் முன்பு இவருக்கு அம்மாவின் இடது பக்கம் நிரந்தர இடம். முந்தானை நுனி கையில் இருந்தால்தான் தூக்கம். இப்போது ஆச்சி பக்கம் மாற்றல். சாயங்காலம் ஏழரைக்கு ஆச்சியின் பக்கத்தில் படுத்தவர், விடிகாலையில் மூன்று உடன்பிறப்புகளைத் தாண்டி, ஒருவரையும் எழுப்பாமல், அம்மாவின் வயிற்றின்மேல் ஒரு காலைப் போட்டபடி கிடப்பார். தம்ளரை உருட்டிய அதே ஆள்தான்.

மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. இடுப்பில் குழந்தையும் கையில் பாடப் புத்தகமுமாக உண்மையில் வீட்டை நடத்துகிறவள் அவள். அவளைப் பற்றி நகைச்சுவையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. இரண்டாமவன் தெருவில்தான் இருப்பான், சாப்பாட்டுக்கு வருவான். கவனிக்க வேண்டியவள் மூன்றாமவள். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் நம்மவர் பிறந்து பதவி பறித்தது இவளிடமிருந்துதான். முன்னாளுக்கும் முன்னாள். பல்லாங்குழி ஆடுகிறபடியே, முத்தை எண்ணுகிறபடியே, நம்மவர் அழுவதை நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். இத்தனை நாள் காத்திருந்த பார்வை அது.

நாலைந்து மாதம் போனதும் நிலவரம் மாறும். பிள்ளை பார்க்க வந்தவர்கள் கிலுகிலுப்பையை ஆட்டுவார்கள், நாக்கைச் சொடுக்குவார்கள், கரடியாகக் கத்துவார்கள். குழந்தை சுவரைப் பார்க்கும். மூலையில் நின்ற நம்மவர் சாதாரணமாக ஒரு தும்மல் போடுவார். குழந்தை விக்கல் வரும்வரை சிரிக்கும். தன் கையில் இருப்பதன் மதிப்பு அவருக்கு அப்போதே விளங்கிவிடும். அன்றிலிருந்து அவர் அதிகாரபூர்வப் பேச்சாளர். "பாப்பாக்கு ஒங்களப் பிடிக்கலயாம்." "பாப்பா முறுக்கு கேக்கு." பல்லே முளைக்காத குழந்தை முறுக்கு கேட்பதை யாராவது விசாரிப்பதற்குள் முறுக்கு முடிந்திருக்கும்.

பல் முளைத்ததும் கொழுக்கட்டை அவித்துக் குழந்தை தலையில் கொட்டுவார்கள். ஒட்டி உட்கார்ந்து தன் தலையையும் நீட்டிப் பாதியை வாங்கிக்கொள்வார். அந்தப் பல்லின் முதல் பணி இவர் சுண்டுவிரலில் நடக்கும். அலறிக்கொண்டு அம்மாவிடம் ஓடினால் கிடைக்கும் தீர்ப்பு: "பச்சப் பிள்ளைக்கு என்னல தெரியும்?" போன வருஷம்வரை அந்தச் சட்டம் இவரைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இவர் செழித்த காலம் 1970, 80கள். பஸ் நிலையச் சுவரில் சிவப்பு முக்கோணம் போட்டு 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று எழுதியிருக்கும்; அந்தச் சுவரில்தான் நம்மவர் ஒன்றுக்கு இருப்பார். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. இதில் முன்னாளுக்கு ஏது இடம்? இரண்டாவதே முழுசாக வந்து சேரவில்லை.

மிச்சமிருக்கிறவர்களுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பந்தியில் பாருங்கள்: யார் இலையில் அப்பளம் முதலில் மறைகிறதோ அவர்தான். எந்தப் பண்டத்தை எங்கே வைத்தாலும் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பங்கு ஒளித்துவைக்கிறார் என்று மனைவிக்குப் புகார். மூத்தவளுக்கு ஸ்டூடியோவில் எடுத்த ஒரு வயதுப் படம் உண்டு. கடைசித் தம்பிக்கு ஓர் ஆல்பமே உண்டு. தனக்கு உள்ளது யாருடைய கல்யாணத்திலோ பாயசம் குடிக்கும் அரை முகம் மட்டும் என்பதைச் சொத்துப் பிரிக்கும்போதுகூட எடுத்துச் சொன்னவர்.

அந்தக் கடைசித் தம்பிக்குப் பேரன் பிறந்திருக்கிறான், வீட்டில் இரண்டாவது. மனைவி குழந்தை விரலில் மோதிரம் போட்டுக்கொண்டிருக்கும்போது இவர் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்கிறார். விரலைச் சூப்பிக்கொண்டு அங்கே நிற்கிற மூன்று வயதுக்காரனைக் குனிந்து பார்க்கிறார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு ஊதல் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்து மூடுகிறார்.

"இப்ப ஊதாத, என்ன? பாப்பா தூங்கட்டும்."

செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.