சாமிக்கு முன்னால் எடுத்து வைத்தது

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில்தான் விருந்து என்று முடிவானதும், மருமகள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி, யாருக்கு எது ஆகாது என்று எழுதச் சொன்னாள். பதினான்கு பேர் எழுதினார்கள். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு உப்பு, ஒருவருக்குக் கோதுமை, ஒருவருக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேல் எதுவுமே ஆகாது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் எங்கள் வீட்டுப் பந்தியில் உட்காருவது ஐம்பது வருஷத்துப் பழக்கம். மருமகளே கிறிஸ்தவப் பெண்தான். ஆனால் அந்தப் பட்டியலில் மதத்தைக் காரணம் சொல்லி ஒரு பதார்த்தத்தை விலக்கியவர் ஒரே ஒருவர், மகனோடு வேலை பார்க்கும் ஜைனர். மற்றவர்களைப் பிரித்து வைத்தது ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

பாளையங்கோட்டையில் நான் டவுசரோடு திரிந்த காலத்தில் இப்படி யாராவது கேட்டிருந்தால், "விருந்துக்குக் கூப்பிட்டுட்டு என்ன வேண்டாம்னா கேப்பாக?" என்று ஆச்சி அவர்களை முற்றத்திலேயே நிறுத்தியிருப்பாள். அங்கே யாரும் யாரையும் கேட்டதில்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் ஒருபக்கம் மேலப்பாளையத்தான், மறுபக்கம் சமாதானபுரத்தான். ஒருவன் தறிச்சத்தத்தில் தூங்கி எழுந்தவன், மற்றவன் ஊசிக் கோபுரத்துத் தேவாலய மணிக்கு எழுந்தவன், நான் ஆச்சியின் அதட்டலுக்கு எழுந்தவன். எங்களுக்குள் இருந்த ஒரே மதப் பூசல், எவன் பண்டிகைக்கு லீவு அதிகம் என்பது.

சைவ வீடு என்பதால் தீபாவளி மத்தியானம் சொதிதான். தேங்காயைத் துருவி மூன்று தடவை பால் எடுத்து, தண்ணிப் பாலில் காய்களையும் பாசிப்பருப்பையும் வேகவைத்து, கடைசியில் கெட்டிப் பாலை ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்குவார்கள். அத்தனை தேங்காய்ப் பாலும் வயிற்றில் உட்கார்ந்துகொள்ளாமலிருக்க இஞ்சித் துவையல், நாக்குக்காக உருளைக்கிழங்கு வறுவல். இந்தச் சொதியைத் தின்பதற்காக என் இரண்டு கூட்டாளிகளும் எண்ணெய் தேய்த்துக் குளிக்காத குறையாகக் காலையிலேயே வந்துவிடுவார்கள்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. சாமிக்குப் படைத்ததை அவர்கள் இரண்டு பேர் வீட்டிலும் சாப்பிட மாட்டார்கள். அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். படையலுக்கு எடுக்கும் முன்பே ஒரு தூக்கில் சொதியையும் சம்புடத்தில் வடையையும் எடுத்துத் தனியே வைத்துவிடுவாள். "சாமி பாக்கதுக்கு முன்ன மனுசப்பயலுக்கா?" என்பாள் ஆச்சி. "சாமி கோவிச்சுக்கிட மாட்டாரு அத்தே, பயலுவ சாப்பிடாமப் போனா அவுக அம்மமாருதான் கோவிச்சுக்கிடுவாக" என்பாள் அம்மா. ஆக, சாமிக்கு இரண்டாம் பந்தி.

1972இல் தீபாவளி நோன்பு மாதத்தில் வந்தது. எங்கள் பண்டிகை அமாவாசையை ஒட்டி, மேலப்பாளையத்தான் பண்டிகை பிறையை ஒட்டி. அதனால் இரண்டும் ஒரே மாதத்தில் அகப்பட்டுக்கொண்டால் தீபாவளி போன கையோடு ரம்ஜான் வந்து நிற்கும். பன்னிரண்டு வயது மேலப்பாளையத்தான், எச்சிலைக்கூட யோசித்து விழுங்கிக்கொண்டு, எங்கள் வாசலில் உட்கார்ந்து என் வெடிகளையெல்லாம் வெடித்துத் தீர்த்தான். சாயங்காலம் தூக்கை வாடகைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு நான் போனேன். பாதிச் சொதி என் புதுச் சட்டையிலும், மீதி அவன் வீட்டிலும் போய்ச் சேர்ந்தன. அவன் உம்மா தூக்கை வெறுமனே திருப்பித் தரவில்லை. கறி போடாமல் எனக்கென்று தனியாகக் காய்ச்சிய நோன்புக் கஞ்சி. அதற்காகவே புதுச் சட்டி வாங்கியிருந்தார்களாம்.

டிசம்பரில் சமாதானபுரத்திலிருந்து முந்திரிக்கொத்து வரும். அதில் முந்திரி கிடையாது. வறுத்துத் திரித்த பாசிப்பயறும் வெல்லப் பாகும் தேங்காயும் உருண்டையாகி, அரிசி மாவில் முங்கி, எண்ணெயில் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு வெளியே வரும். என் வாழ்வின் முதல் ஏமாற்றம் அது. அதைத் தின்றுகொண்டே ஏமாந்தேன்.

இந்தக் கதைகளையெல்லாம் பிற்பாடு சென்னைக்கு வந்து மேடை கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லியிருக்கிறேன். "எங்கள் வீட்டில் அந்தக் காலத்திலேயே பேதமில்லை, அவனுக்குத் தலைவாழை இலை, எனக்கே தட்டுதான்" என்று கொஞ்சம் மார்பை நிமிர்த்திச் சொல்வேன். 2005இலும் தீபாவளி நோன்பில்தான் வந்தது. மழை வெள்ளத்தில் ஊறிய சென்னையில், நமுத்துப்போன மத்தாப்பை அடுப்படியில் உலர்த்திவிட்டு, பாங்கு நேரத்துக்கு விருந்தை வைத்துக்கொண்டோம். பேரீச்சம்பழமும் அதிரசமும் ஒரே தட்டில். அன்றைக்கும் நான் இலைக் கதையை எடுத்தேன். மேலப்பாளையத்தான் கஞ்சியைக் குடித்துவிட்டு, சாவகாசமாக, "ஏல, அது மரியாதையால? நான் தொட்ட தட்ட உங்க ஆச்சி பொழங்க மாட்டாகன்னுதாம்ல இலை. இலைன்னா எறிஞ்சிரலாம்லா?" என்றான். எனக்கு அதிரசம் தொண்டையில் நின்றது. "தெரிஞ்சுமால வந்தே?" என்றேன். "சொதி நல்லாருக்கும்லா" என்றான்.

நான் சாப்பிட வேண்டும் என்று அவர்கள் வீட்டில் புதுச் சட்டி. அவன் சாப்பிட்டதைக் கழுவ வேண்டாம் என்று எங்கள் வீட்டில் இலை. இரண்டையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டு முப்பது வருஷம் பெருமை பேசிய அந்த டவுசர்ப் பையன்மேல் எனக்கு இப்போது கோபம்கூட வருவதில்லை. அவ்வளவு நிம்மதியாக ஒன்றும் தெரியாமலிருக்க இனி வாய்க்காது.

இப்போது எல்லோருக்கும் பாக்குமட்டைத் தட்டு. எல்லார் எச்சிலையும் சமமாக எறிந்துவிடுகிறோம். சமத்துவம் வந்துவிட்டது, தேய்த்துக் கழுவ ஆளில்லாததால். 2018இலிருந்து பட்டாசுக்குக் காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் என்று கணக்கு. வெடிக்கிற வயதில் இந்தக் கணக்கு இருந்திருந்தால் என் வெடிகள் மேலப்பாளையத்தானிடமிருந்து தப்பியிருக்கும். போன தீபாவளி விருந்துக்கு வந்த ஜைன நண்பருக்கு மண்ணுக்கடியில் விளைந்தது ஆகாது. உருளைக்கிழங்கும் இஞ்சியும் இல்லாத சொதி என்பது மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் என்று நான் முனகிக்கொண்டிருக்க, சுக்கு ஆகும் என்று அவரே தீபாவளி மருந்தை இரண்டு உருண்டை எடுத்துக்கொண்டார். தீபாவளி மகாவீரர் முக்தி அடைந்த நாள் என்றும் சொன்னார். அறுபது தீபாவளி கொண்டாடியவனுக்கு அது யாருடைய பண்டிகையெல்லாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மருமகள் முந்திரிக்கொத்து செய்திருந்தாள், உள்ளே முந்திரி போட்டு. யாரோ யூடியூபில் அப்படிச் செய்தார்களாம். என்னால் தின்ன முடியவில்லை.

சர்க்கரை ஏறிப்போன மேலப்பாளையத்தான் அதிரசத்தைப் பார்த்தான், முகர்ந்தான், வைத்துவிட்டான். "எங்க மதமும் உங்க மதமும் தடுக்காததை இந்த டாக்டர் தடுத்துட்டாம்ல" என்றான். ஆனால் சொதி இரண்டு தடவை வாங்கிக்கொண்டான்.

தீபாவளியும் நோன்பும் சேர்வது ஏறக்குறைய முப்பத்து மூன்று வருஷத்துக்கு ஒரு சுற்று. அடுத்தது 2037 வாக்கில். எனக்கும் அவனுக்கும் எழுபத்தேழு இருக்கும். இருந்தால் வருகிறேன் என்றிருக்கிறான். தூக்கு ஒன்று பரணில் கிடக்கிறது; சாமிக்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டும் என்று மருமகளிடம் இப்போதே சொல்லியிருக்கிறேன்.