பந்தலும் பத்திரமும்

கேள்வி: உத்தமபாளையத்தில் இருந்துகொண்டே ஒருவர் சொந்தமாக வலைத்தள வடிவமைப்புத் தொழில் செய்து பிழைக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். 2023இல் புவிசார் குறியீடு, அதாவது விளையும் ஊரின் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, பெற்ற, அவ்வட்டாரத்தின் கம்பம் பன்னீர் திராட்சையை வெளியூர் வியாபாரிக்குக் காட்டும் தளமே நல்ல தொடக்கமாகும். ஆனால் திராட்சைக் கொடிக்குப் பந்தல் போல இத்தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியரல்லாத ஒருவர் உருவாக்கிய வடிவமைப்பின் உரிமை, அவர் எழுதிக் கையொப்பமிட்டு மாற்றித் தராதவரை, பொதுவாக அவருக்கே உரியது. மாற்றித் தந்தாலும், காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும். முன்பணத்தையும் திருத்தங்களின் எண்ணிக்கையையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். டொமைன் எனப்படும் இணைய முகவரியை மட்டும் தளம் கேட்ட திராட்சைத் தோட்டக்காரரின் பெயரிலேயே பதிவதுதான் நேர்மை.